விசாரணைக் காட்சி இல்லாத கதை

பழங்குடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துத் தங்கவைத்த கனடாவின் வதிவிடப் பாடசாலைகள் பற்றி நான் வாசித்த கதைகளில் பல பாடசாலைக்குள்ளேயே நின்றுவிடுகின்றன. கத்தரித்த தலைமுடி, வரிசைக் கட்டில்கள், பாதிரியார். எனக்கு வேண்டியிருந்தது வெளியே வந்தவளின் மிச்ச வாழ்க்கை. தாயின் கையில் வளராதவள் தன் பிள்ளையை எப்படி வளர்த்தாள்? அவளுக்கு வாடகைக்கு அறை கொடுத்தது யார்? என் சிறுகதையின் நாயகி வின்னிபெக்கில் வசிக்கும் வயதான கிரீ பழங்குடிப் பெண்.

இந்தப் பாடசாலைகளை ஆராய்ந்த உண்மை, மீளிணக்க ஆணைக்குழுவின் 2015 அறிக்கையை முதலில் எடுத்தேன். மலைப்பாக இருக்கும். எழுத நினைப்பவர்கள் ஐந்தாம் தொகுதியில் தொடங்கலாம்: பிள்ளைகள் பறிக்கப்பட்டது, மொழி, உடல்நலம், சிறை என்று பாடசாலைக்குப் பிந்தியதெல்லாம் அதில்தான்.

ஆனால் கதை கிடைத்தது முன்னாள் மாணவர்களோடு அரசு செய்த 2006 உடன்படிக்கையின் நட்டஈட்டு விதிகளில். பாடசாலையில் இருந்ததற்கு முதல் வருடம் 10,000 டொலர், அதன்பின் வருடத்துக்கு 3,000. துன்புறுத்தலுக்குத் தனி விசாரணை. மூடிய அறை, கேள்வி கேட்டவர் நடுவர் மட்டும். நடந்தது என்ன, அதனால் கெட்டது என்ன என்று புள்ளி போட்டுத்தான் தொகை. புள்ளி! அகதிக் கோரிக்கை விசாரணைக்குப் போய்வந்த எங்கட ஆட்களுக்கு அந்த அறை ஓரளவு விளங்கும். நாங்கள் வந்த நாட்டில் சொன்னோம். இவர்கள் சொந்த மண்ணில் சொன்னார்கள்.

அந்த விசாரணைப் பதிவுகளை என்ன செய்வதென்பது சொன்னவரின் விருப்பம் என்று 2017இல் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. அவர் பேசாமல் இருந்தால் 2027 செப்டெம்பர் 19க்குப் பிறகு அழித்துவிடுவார்கள். விரும்பினால் இப்பாடசாலைகளின் ஆவணங்களைக் காக்கும், வின்னிபெக்கிலுள்ள தேசிய மையத்தில் வைக்கக் கொடுக்கலாம். என் கதை இந்த ஒரு முடிவுதான். படிவம் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் தொங்குகிறது. பேத்தி கேட்கிறாள், கிழவி மாவு பிசைகிறாள்.

வரைவை ஒரு கிரீ நண்பரிடம் காட்டினேன். விசாரணைக் காட்சியில் பேனாவை வைத்தார். "இவள் தன் மகளுக்கே சொல்லாததை உங்கள் வாசகருக்கு ஏன் சொல்கிறாள்?" என்றார். மூன்று பக்கம் போனது. இப்போது அவள் என்ன சொன்னாள் என்பது கதையில் எங்கும் இல்லை.

இதழாசிரியர் ஒருவர் "பாடசாலையில் நடந்ததை ஒரு பத்தியாவது சேருங்கள், உருக்கமாக இருக்கும்" என்கிறார். சேர்க்கப் போவதில்லை. வேறு இதழுக்கு அனுப்பியிருக்கிறேன்.