மீட்டரை மாற்றும் முன் சம்ப்பை அளந்து பாருங்கள்

வணிக வளாகத்தின் தண்ணீர் பில் திடீரென ஏறினாலோ, கடைகளின் துணை மீட்டர்களைக் கூட்டினால் பிரதான மீட்டரோடு ஒத்துவராவிட்டாலோ உடனே புது மீட்டருக்கு ஆர்டர் போட்டுவிடுகிறார்கள். கோளாறு பொருத்திய இடத்திலோ தேர்ந்தெடுத்த அளவிலோ இருந்தால் புது மீட்டரும் அதே தப்புக் கணக்கைத்தான் காட்டும்.

முதல் சோதனைக்குக் காசு வேண்டாம். சம்ப் நிரம்பி ஃப்ளோட் வால்வு மூடியிருக்கும்போது, மீட்டர் முகப்பிலுள்ள சின்ன நட்சத்திரச் சக்கரத்தைக் கால் மணி நேரம் கவனியுங்கள். சுற்றிக்கொண்டே இருந்தால் ஃப்ளோட் வால்வு விடுகிறது, அல்லது வழியில் கசிவு இருக்கிறது. மீட்டர் உண்மையைத்தான் சொல்கிறது.

அடுத்து, சம்ப்பிலிருந்து இறைக்கும் மோட்டாரை நிறுத்திவிட்டு உள்ளே வரும் தண்ணீரை அளக்க வேண்டும். 2 மீட்டருக்கு 3 மீட்டர் சம்ப்பில் மட்டம் 30 செ.மீ. ஏறினால் 1,800 லிட்டர். மீட்டர் 1,764க்கும் 1,836க்கும் இடையில் காட்டினால் 2 சதவீதத்துக்குள் அடங்குகிறது, குறை சொல்ல முடியாது. பிறகு வால்வைத் திருகி ஓட்டத்தைக் குறைத்து இன்னொரு முறை அளக்கவும். மீட்டருக்குப் பின்னால், அதாவது சம்ப் பக்கம் உள்ள வால்வைத்தான் திருக வேண்டும். முன்னால் திருகினால் நீர் சுழன்று வந்து கணக்கைக் கெடுக்கும்.

விட்டு விட்டுத் தண்ணீர் வரும் ஊர்களில் பெரிய வில்லன் காற்று. குழாயில் அடைபட்ட காற்று தண்ணீருக்கு முன்னால் பாய்ந்து சக்கரத்தை வெறியோடு சுழற்றும். காற்றுக்கும் பில் வரும், பேரிங்கும் தேயும். மீட்டருக்கு முன்னால், குழாயின் உயரமான இடத்தில் ஏர் வால்வு வையுங்கள். மீட்டரைத் தாழ்வாக வைத்து அதற்குப் பிறகு குழாயை மேலே ஏற்றினால் உள்ளே எப்போதும் நீர் நிறைந்திருக்கும். குழாய் நேரே சம்ப்புக்குள் இறங்கும் இடத்தில் மீட்டர் வைத்தால் பாதி நிரம்பிய குழாயைத்தான் அது அளக்கும்.

அழுக்கு எந்தப் பக்கம் ஏமாற்றும் என்பது மீட்டரின் வகையைப் பொறுத்தது. பல துளைகள் வழியாக நீர் பாய்ந்து சக்கரத்தைச் சுற்றும் மல்டிஜெட்டில் நுழைவுத் துளைகள் சில அடைத்தால் மீதித் துளைகளில் வேகம் கூடி, அதிகமாகக் காட்டும். பெரிய குழாய்களில் வரும், விசிறி போன்ற சக்கரமுள்ள வோல்ட்மேன் வகையில் டெஃப்லான் டேப் துணுக்கோ நாரோ தண்டில் சுற்றிக்கொண்டால் குறைத்துக் காட்டும். இரண்டுக்கும் மருந்து மீட்டருக்கு முன்னால் மாட்டும் ஸ்ட்ரெய்னர் என்ற வடிகட்டி. மாட்டியதோடு மறந்துவிடாமல் கழற்றிக் கழுவவும் வேண்டும்.

பணம் அதிகம் போவது பெரிய மீட்டரால்தான். "பெருசா இருக்கட்டும் சார்" என்று பிளம்பர் சொல்வதைக் கேட்காதீர்கள். தகட்டில் Q3 (மீட்டர் தொடர்ந்து தாங்கும் ஓட்டம், மணிக்கு இத்தனை கன மீட்டர்) 25, R (அதற்கும் சரியாக அளக்கும் மிகக் குறைந்த ஓட்டத்துக்கும் உள்ள விகிதம்) 100 என்றிருந்தால் 25 கன மீட்டரை 100ஆல் வகுக்க வேண்டும்: மணிக்கு 250 லிட்டருக்குக் கீழே அந்தக் கணக்குக்கு உத்தரவாதம் இல்லை. வாடகைக் கடையின் துணை மீட்டர் இப்படி இருந்து, மணிக்கு 100 லிட்டர் கசிவு அதில் பதிவாகாமல் போனால் மாதம் 72,000 லிட்டர். கிலோலிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால் 7,200 ரூபாய், உரிமையாளர் தலையில்.

குறிப்பிட்ட அளவு நீர் போகும்போதெல்லாம் கணினிக்கு ஒரு மின் துடிப்பு (பல்ஸ்) அனுப்பும் மீட்டர்களில், ஒரு பல்ஸுக்கு 10 லிட்டர் என்பதை மென்பொருளில் 100 என்று பதிந்தாலே பில் பத்து மடங்காகும். முகப்பு எண்ணோடு ஒப்பிட்டால் தெரிந்துவிடும்.

பிரதான மீட்டர் நின்றுபோனால் பழைய மாதங்களின் சராசரியை வைத்து பில் போடுவது வழக்கம். அதனால் கடைசி அளவையும் வரிசை எண்ணையும் படமெடுத்து, எழுத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். சீலை நீங்களாக உடைக்க வேண்டாம்.