ரெண்டும் ஒண்ணுதான்

"ரெண்டும் ஒண்ணுதாங்க ஐயா. இதையே தடவுங்க."

நான் சொன்னது இவ்வளவுதான். டாக்டர் சீட்டில் கிளோபெட்டசால் என்ற ஸ்டீராய்டு தோல் மருந்து, 0.05 சதவீதம், ஆயின்ட்மென்ட் என்று தெளிவாக இருந்தது. கடையில் அன்று கிரீம்தான் இருந்தது. அதே மருந்து, அதே சதவீதம், அதே கம்பெனி. கவுன்டரில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள், அவருக்கோ ராணிப்பேட்டை பஸ்ஸைப் பிடிக்கும் அவசரம். மருந்தே இல்லாமல் அவர் வீட்டுக்குப் போவதைவிட இது மேல் என்று நினைத்தேன். ஆனால் நாலு கடை தள்ளி இன்னொரு மெடிக்கல் இருந்ததும் எனக்குத் தெரியும். வேலூரில், அதுவும் ஆஸ்பத்திரிப் பக்கத்தில், மருந்துக் கடைக்கா பஞ்சம்?

சீட்டோடு நீட்டிய கைகளைப் பார்த்தேன். தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடும் தொழிற்சாலையில், சுண்ணாம்புப் பக்கம் வேலை பார்த்த கைகள். காய்ந்து, தடித்து, பாளம் பாளமாக வெடித்து, விரல் மடிப்புகளில் ரத்தக் கோடு. அந்தக் கைகளுக்கு ஏன் ஆயின்ட்மென்ட் எழுதியிருக்கிறார்கள் என்று மருந்தாளுநர் படிப்பான டி.பார்மில் முதல் வருஷ மாணவனைக் கேட்டாலும் சொல்வான்.

ஆயின்ட்மென்ட் பெரும்பாலும் பாரஃபின் மாதிரியான எண்ணெய்ப்பசைதான், தண்ணீர் இருக்காது. தோலின்மேல் மூடி போட்டதுபோல் உட்கார்ந்து, உள்ளே இருக்கிற ஈரத்தை வெளியே விடாது. ஈரத்தில் ஊறி இளகிய தோலுக்குள் மருந்து நன்றாக இறங்கும். கிரீம் எண்ணெயும் தண்ணீரும் கலந்தது. தண்ணீர் இருப்பதால், கெட்டுப்போகாமல் இருக்க குளோரோகிரசாலோ பாராபெனோ சேர்ப்பார்கள். வெடிப்பில் பட்டால் எரியலாம். ஒரே ஸ்டீராய்டு, ஒரே சதவீதம் என்றாலும் ஆயின்ட்மென்டில் வீரியம் பொதுவாகக் கூடுதல்.

இதெல்லாம் எனக்குத் தெரியாமல் இல்லை. படிக்கும்போது லேபில், படர்தாமரைக்குப் போடுகிற விட்ஃபீல்ட் ஆயின்ட்மென்டுக்கு பென்சாயிக் அமிலம் 6 சதவீதம், சாலிசிலிக் அமிலம் 3 சதவீதம் என்று எடை போட்டு, நெறுநெறுப்பு போகும்வரை ஸ்லாபில் தேய்த்திருக்கிறேன். நீர் வடிகிற இடத்துக்கு லோஷனோ கிரீமோ, காய்ந்து வெடித்த இடத்துக்கு ஆயின்ட்மென்ட் என்று எங்கள் ஆசிரியர் சொல்லிச் சொல்லி மனப்பாடமே ஆகிவிட்டது.

என் பக்கமும் கொஞ்சம் நியாயம் உண்டு. வேலூர் வெயிலில் ஆயின்ட்மென்டை யாரும் விரும்புவதில்லை. பிசுபிசுக்கிறது, சட்டையில் ஒட்டுகிறது என்று பாதி டியூபோடு விட்டுவிடுகிறார்கள். தடவாத ஆயின்ட்மென்டைவிடத் தடவுகிற கிரீம் மேல்தானே? சரி, அப்படியென்றால் அதை டாக்டருக்கு போன் செய்து கேட்டிருக்கலாம். எழுதியதை மாற்றிக் கொடுக்க எனக்கு அதிகாரம் இல்லை. மருந்து விதிகளில் 65ஆவது விதி அதைத்தான் சொல்கிறது. அன்று நான் யோசித்தது வெயிலைப் பற்றியும் அல்ல, விதியைப் பற்றியும் அல்ல. வந்தவரை விடக்கூடாது என்று முதலாளி காலையில் சொன்னதுதான் மனதில் ஓடியது.

இதோடு முடிந்திருந்தால் மறந்திருப்பேன். எட்டாம் நாள் அவர் திரும்பி வந்தார். இரண்டு வாரத்துக்கான சீட்டில் முதலில் ஒரு டியூப்தான் வாங்கியிருந்தார்.

"அதையே குடு தம்பி. எரியுது, ஆனா எரிஞ்சாத்தானே மருந்து கேக்குதுன்னு அர்த்தம்."

அன்று ஆயின்ட்மென்ட் வந்திருந்தது. அதை எடுத்துக் கொடுத்தேன். ராத்திரி பத்து நிமிஷம் வெறும் தண்ணீரில் கையை ஊறவைத்து, ஒற்றித் துடைத்து, ஈரம் காய்வதற்குள் தடவச் சொன்னேன். கரிகிரி தொழுநோய் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தவர்கள் கால்களை ஊறவைத்து எண்ணெய் தடவுவதை இந்தப் பக்கத்துக்காரர் அவரும் பார்த்திருப்பார். உடனே புரிந்துகொண்டார். இரண்டு வாரத்துக்கு மேல் போடக்கூடாது என்றும் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் டியூபைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது வேற மாதிரி கீதே. அப்ப போன தடவை குடுத்தது?"

"அதுவும் நல்ல மருந்துதாங்க ஐயா."

முதலில் சொன்னதைக்கூட அவசரத்தில் சொன்னது என்று வைத்துக்கொள்ளலாம். இதைச் சொன்னபோது கவுன்டரில் வேறு யாருமே இல்லை. தப்பு என்னுடையது என்று சொல்லியிருந்தால் அவர் சண்டை போட்டிருக்கமாட்டார். அடுத்த தடவை எரிந்தால் வந்து கேட்டிருப்பார். எரிவதுதான் குணம் என்று நினைத்திருந்த மனிதரை அப்படியே அனுப்பிவிட்டேன்.

அதற்கப்புறம் நான் மாற்றிக் கொடுப்பதில்லை. போன வாரம் ஒரு அம்மா இதேபோல ஆயின்ட்மென்ட் சீட்டோடு வந்தார். இருப்பு இல்லை, அடுத்த கடையில் கேளுங்கள் என்று கைகாட்டினேன். தலையாட்டிவிட்டுப் போனார். அடுத்த கடையைத் தாண்டி, நேரே போய் பஸ் ஏறினார்.