சதோரம்

"வேகம் கொஞ்சம் கம்மி சார்."

நான் சொன்னது இவ்வளவுதான், நாலு வார்த்தை. சொல்லி மூன்று வாரம் ஆகிறது. ஹாஸ்டல் படியேறும்போது, பல் தேய்க்கும்போது, கிளையன்ட் காலில் மியூட் போட்டு உட்கார்ந்திருக்கும்போது அந்த நாலு வார்த்தையும் மாறி மாறி வந்து போகின்றன. பொய்யா என்றால் முழுப் பொய்யும் இல்லை. எங்கள் டிசைன் ஆபீசில் வேலைக்கு ஆள் எடுக்க வைத்த டெஸ்ட் அது. மற்றவர்கள் மூன்று மணி நேரத்தில் முடித்ததை அந்தப் பெண் ஐந்து மணி நேரம் எடுத்துக்கொண்டு செய்தாள். அந்த இரண்டு மணி நேரம் எதற்குப் போனது என்று எனக்குத் தெரியும். சார் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

என் கதையிலிருந்து வந்தால்தான் இது புரியும்.

2023-இல் விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) படிப்பை முடித்துவிட்டு ஏழு மாதம் வேலை தேடினேன். அந்த ஏழு மாதத்தைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. போர்ட்ஃபோலியோ பிடிஎஃப், டிசைனர்கள் தங்கள் வேலையைக் காட்டும் பிஹான்ஸ் தளத்தின் லிங்க், "சின்ன டெஸ்ட் ஒண்ணு பண்ணிக் கொடுங்க" என்று கேட்டு வாங்கிய காசில்லாப் போஸ்டர்கள். எல்லாரும் பட்டதுதான். அதில் ஒரு இடத்தில், சுவரில் ஒட்டியிருந்த அவர்களுடைய விளம்பரம் ஒன்றில் "ஆடி தள்ளுபடி" என்றிருந்தது. "மேடம், ஆடித் தள்ளுபடின்னு த் வரணும்" என்றேன். அந்த மேடம் சிரித்தார். "இங்க தமிழ் வாத்தியார் வேலைக்கு ஆள் எடுக்கலம்மா" என்றார். அப்புறம் அங்கிருந்து அழைப்பு வரவில்லை. அதே இன்டர்வியூவில் இருபத்தைந்தாயிரம் கேட்டதும் நான்தான். அதனால்கூட இருக்கலாம். ஆனால் என் மனம் அந்த த்-ஐத்தான் பிடித்துக்கொண்டது.

அடுத்து வந்தது இப்போது இருக்கும் இடம். சார் என் போர்ட்ஃபோலியோவை ஒரு நிமிடம் தள்ளிப் பார்த்தார். பிறகு தன் மானிட்டரை என் பக்கம் திருப்பினார். நகைக்கடை ஹோர்டிங். தங்க நிறம், சிவப்பு, நடுவில் ஒரு மணப்பெண். கீழே பெரிய எழுத்தில் "சதோரம் 0%".

சேதாரம் என்று இருக்க வேண்டியது.

இது எப்படி நடக்கிறது என்று இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். யூனிகோட் என்ற எழுத்துக் குறியீட்டில் 'சே' என்று அடித்தால் கணினி முதலில் ச-வையும் அதன் பின்னால் கொம்பையும் சேமித்து வைக்கும். திரையில் காட்டும்போது கொம்பை எழுத்துக்கு முன்னால் நகர்த்தி வைப்பது மென்பொருளின் பொறுப்பு. பழைய ஃபோட்டோஷாப்பில் 'வேர்ல்ட் ரெடி லேஅவுட்' என்ற எழுத்து அமைப்பைத் தேர்ந்தெடுக்காத ஃபைல் என்றால் அது நகர்த்தாது. கொம்பு ச-வுக்குப் பின்னால், தா-வுக்கு முன்னால் போய் நிற்கும். இரட்டைக் கொம்பும் தா-வும் சேர்ந்தால் 'தோ'. ஆகவே சதோரம். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் இந்தத் தொல்லையே இல்லை. அங்கே கொம்பை முதலில் அடித்துவிட்டு எழுத்தை அப்புறம் அடிப்போம். 'தமிழ்' என்று நாம் பார்ப்பது கணினிக்கு ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி, அவ்வளவுதான். அந்த ஹோர்டிங்கில் மற்ற வரிகள் எல்லாம் பாமினி. இந்த ஒரு வரி மட்டும் கிளையன்ட் கடைசி நேரத்தில் வாட்ஸ்ஆப்பில் அனுப்பியது, அதாவது யூனிகோட். காப்பி, பேஸ்ட். (1978-இல் எம்.ஜி.ஆர். அரசு எழுத்தைச் சீர்திருத்தியபோது ணை, லை, ளை, னை இவற்றின் தும்பிக்கை போன்ற பழைய வளைவை எடுத்தது. கொம்பையும் சேர்த்து எடுத்திருந்தால் என் வாழ்க்கை கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.)

"எப்படி இருக்கு?" என்றார் சார்.

"நல்லா இருக்கு சார்."

"ஆடிக்குப் போட்டது. ஊர் முழுக்க நின்னுச்சு."

"கலர் ரொம்ப நல்லா இருக்கு சார்."

அந்த இரண்டாவது வரியை யாரும் கேட்கவில்லை. நானாகச் சேர்த்தது. வேலை கிடைத்தது. பதினைந்தாயிரம், மூன்று மாதம் ப்ரொபேஷன். ஹாஸ்டலுக்கு ஏழாயிரத்து ஐந்நூறு. அம்மா ஊரில் கோவிலுக்கு மாலை வாங்கிப் போட்டாள்.

சார் என்னைச் சோதித்தாரா என்று இன்றைக்கும் தெரியவில்லை. சோதித்திருந்தால் நான் தோற்றேன், ஆனாலும் எடுத்தார். அப்படியானால் அவருக்கு வேண்டியது தப்பைப் பார்க்கிற ஆளா, பார்த்தும் சும்மா இருக்கிற ஆளா? சோதிக்கவில்லை என்றால், அவர் கண்ணுக்கு அது படவே இல்லை. சாருக்குத் தமிழ் நன்றாகவே வாசிக்க வரும். ஆனால் எங்கள் ஆபீசில் யாரும் தமிழை வாசிப்பதில்லை, பார்ப்போம். ஆங்கிலத்தில் எழுதி, கிளையன்ட் ஓகே சொன்ன பிறகு தமிழாக்கி, கட்டத்துக்குள் உட்கார வைக்கிற வடிவம் அது. எதிரே இருக்கும் சிக்னலில் நின்ற ஆயிரக்கணக்கான பேரும் அதைச் சேதாரம் என்றேதான் வாசித்திருப்பார்கள். கடைக்காரரிடமிருந்துகூட ஒரு போன் வரவில்லை. அப்படியிருக்க அது தப்பா என்றுகூடச் சில நாள் தோன்றும். தப்புதான்.

சரி, அந்தப் பெண். தென்காசிப் பக்கம். போன வருடம் படிப்பை முடித்தவள். டெஸ்டுக்கு நான்தான் பழைய ஃபைல்களைக் கொடுத்தேன். அந்த ஹோர்டிங்கை எடுத்து இன்ஸ்டா சைஸுக்கு மாற்ற வேண்டும். அரை மணி நேரத்தில் எழுந்து வந்தாள்.

"அக்கா, இது சதோரம்னு இருக்கே?"

ஆபீஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி இல்லை, மெதுவாகத்தான் கேட்டாள். என்னைக் காப்பாற்றுகிற குரலில். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை என்று இப்போது தோன்றுகிறது.

"ஆமாம்மா, அது பழைய ஃபைல். நீ சைஸ் மட்டும் மாத்து" என்றேன்.

அவள் சைஸை மட்டும் மாற்றவில்லை. அந்த எழுத்து ஏற்கெனவே படமாக மாற்றப்பட்டிருந்தது, திருத்த முடியாது. அதே பாணி எழுத்துருவைத் தேடி, அந்தத் தங்க நிறச் சாய்வைத் திரும்பக் கொண்டுவந்து, மற்ற வரிகளில் விட்டுப்போன ஒற்றுகளையும் போட்டு முடிக்க மாலை ஆகிவிட்டது. பார்க்க அச்சு அசலாக இருந்தது.

அவள் போன பிறகு சார் வந்தார். "பொண்ணு எப்படி?"

"நல்லாப் பண்ணுது சார்."

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். சார் நகரவில்லை. ஏதோ சொல்ல வேண்டியிருந்தது. எங்கள் தொழிலில் வேகமும் முக்கியம்தான். பண்டிகை நேரத்தில் ஒரு நாளைக்கு இருபது க்ரியேட்டிவ் போகும், அதில் ஒவ்வொன்றுக்கும் ஐந்து மணி நேரம் உட்கார முடியாது. யார் கேட்டாலும் இதை என்னால் சொல்ல முடியும். சொல்லும்போது எனக்கே சரியாகத்தான் கேட்கிறது. ஆனால் "ஏன் லேட்டாச்சுன்னா, அந்த ஃபைல்ல ஒரு தப்பு இருந்தது சார்" என்று தொடங்கினால், "உனக்கு எப்ப தெரியும்?" என்று அடுத்த கேள்வி வரும். முதல் நாளே தெரியும் என்று எப்படிச் சொல்வது? ஒன்றரை வருடமாக அது அந்த ஃபோல்டரிலேயே இருக்கிறது. இரண்டு முறை நானே அதிலிருந்து எடுத்துப் பயன்படுத்தியிருக்கிறேன்.

அவளை எடுக்கவில்லை. நான் சொன்னதால்தானா என்று தெரியாது. இன்னொரு பையன் இரண்டாயிரம் குறைவாகக் கேட்டான் என்றும் ஒரு பேச்சு இருந்தது. அந்தப் பேச்சை நானே இரண்டு பேரிடம் சொல்லிவிட்டேன்.

நேற்று அவளிடமிருந்து மெசேஜ். "அக்கா, என்ன சொன்னாங்க? என்கிட்ட எதுவும் மாத்திக்கணும்னா சொல்லுங்க, அடுத்த இன்டர்வியூக்கு உதவும்."

வேகம் என்று அடித்தேன், அழித்தேன். அப்படி எதையும் மாற்றிக்கொள்ளாதே என்று அடித்தேன். அடுத்த இடத்திலும் இதேபோல் எழுந்து போய்க் கேட்டு, அங்கேயும் யாராவது சிரித்தால்? அதையும் அழித்தேன். கடைசியில், "ஒர்க் நல்லா இருந்துச்சும்மா, இப்போதைக்கு வேகன்சி இல்ல" என்று அனுப்பினேன்.

"சரிக்கா" என்று உடனே பதில் வந்தது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. "அந்த ஹோர்டிங் திருத்தின ஃபைல் டெஸ்க்டாப்லயே வச்சிருக்கேன், தேவைப்பட்டா எடுத்துக்கோங்க."