ஈசாட் இயற்பியல்: டியூட்டர் எப்போது பேசாமல் இருக்க வேண்டும்

பிரிட்டனில் கேம்பிரிட்ஜ், இம்பீரியல் கல்லூரி போன்ற இடங்களில் பொறியியல், இயற்பியல் பக்கம் போக நினைப்பவர்கள் எழுத வேண்டிய நுழைவுத் தேர்வு ஈசாட் (ESAT, Engineering and Science Admissions Test). 2024-இல் வந்தது. அதுவரை கேம்பிரிட்ஜ் நடத்திய இயற்கை அறிவியல் தேர்வான என்.எஸ்.ஏ.ஏ., பொறியியல் தேர்வான இ.என்.ஜி.ஏ.ஏ. இரண்டும் 2023-உடன் நின்றுவிட்டன. ஆக்ஸ்ஃபோர்டும் 2006 முதல் நடத்திவந்த பேட் (PAT) என்ற இயற்பியல் தேர்வை விட்டுவிட்டு, 2027 சேர்க்கையிலிருந்து இதற்கே மாறுகிறது. அதனால் இப்போது டியூட்டர் வைத்துத் தயாராகிற பிள்ளைகளில் பெரும்பாலோர் இந்த ஒரு தேர்வைத்தான் குறிவைக்கிறார்கள்.

தேர்வின் அமைப்பு எளிது. ஒரு பாடத்துக்கு 40 நிமிடம், 27 கேள்வி. எல்லாம் விடையைத் தேர்ந்தெடுக்கும் வகை. கேம்பிரிட்ஜ் பொறியியல் என்றால் கணிதம் 1, கணிதம் 2, இயற்பியல் என மூன்று பாடம். ஆக 2 மணி நேரத்தில் 81 கேள்வி. கால்குலேட்டர் கிடையாது, சூத்திரத் தாள் கிடையாது, தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பும் கிடையாது. ஒரு கேள்விக்குக் கிடைப்பது சுமார் 89 விநாடி. இயற்பியல் பாடத்திட்டத்தைப் பார்த்தால் மின்சாரம், காந்தவியல், இயக்கவியல், வெப்பம், பருப்பொருள், அலைகள், கதிரியக்கம், அவ்வளவுதான். பெரும்பகுதி 16 வயதுக்குள் படித்து முடித்த பாடம்.

இங்கேதான் பலர் தவறான முடிவுக்கு வருகிறார்கள். பாடம் தெரிந்ததுதானே, டியூட்டர் ஒருமுறை எல்லாவற்றையும் வேகமாகத் திருப்பிச் சொல்லிக்கொடுத்தால் போதும் என்று நினைக்கிறார்கள். வாரா வாரம் ஒரு மணி நேரம் டியூட்டர் அழகாக விளக்குகிறார், பிள்ளை தலையாட்டுகிறது, எல்லாம் புரிகிறது. அக்டோபரில் திரைக்கு முன் உட்கார்ந்தால் கை ஓடவில்லை. புரிவது வேறு, 89 விநாடியில் போட்டு முடிப்பது வேறு. இந்தத் தேர்வுக்கு டியூட்டர் தேவைப்படுவது விளக்குவதற்காக அல்ல. மாணவரின் யோசனை எந்த அடியில் சறுக்குகிறது என்று கண்டுபிடிக்க. அதைக் கண்டுபிடிக்க அவர் முதலில் பேசாமல் இருக்க வேண்டும்.

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். உராய்வில்லாத மேசை மேல் 3 கிலோ, 2 கிலோ கட்டைகள் இரண்டு, நடுவே ஒரு கயிறு. 3 கிலோ கட்டையை 10 நியூட்டன் விசையோடு இழுக்கிறோம். 2 கிலோ கட்டை பின்னால் வருகிறது. கயிற்றில் இழுவிசை எவ்வளவு? விடைகள்: 2, 4, 6, 10.

மாணவர் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போட வேண்டும், டியூட்டர் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். 10 என்று சொன்னால், இழுக்கும் விசை கயிறு வழியாக அப்படியே கடந்து போகிறது என்று நினைக்கிறார். முன் கட்டையை முடுக்கவும் விசை வேண்டும் என்பது மனதில் இல்லை. 6 என்று சொன்னால் முடுக்கம் 2 என்று சரியாகக் கண்டுபிடித்துவிட்டு, 3 கிலோவால் பெருக்கிவிட்டார். எந்தக் கட்டைக்கு விசைப் படம் வரைகிறோம் என்று முடிவு செய்யாமலே எண்களைக் கையில் எடுத்திருக்கிறார். 2 என்று சொன்னால் முடுக்கத்தைக் கண்டுபிடித்ததும் அதுவே விடை என்று நின்றுவிட்டார், கேள்வியை மறுபடி பார்க்கவில்லை. சரியான விடை 4. பின் கட்டையை இழுப்பது கயிறு மட்டும்தான். 2 கிலோ, முடுக்கம் 2.

மூன்று தவறுக்கும் மருந்து வேறு வேறு. முதலாமவருக்கு இயற்பியல் கொஞ்சம் சொல்லித்தர வேண்டும். இரண்டாமவருக்குப் படம் வரையும் பழக்கம் வேண்டும். மூன்றாமவருக்கு, விடையைத் தொடும் முன் கேள்வியின் கடைசி வரியைத் திரும்பப் படிக்கும் பழக்கம் வேண்டும். டியூட்டர் பாதியிலேயே குறுக்கிட்டு ‘பின் கட்டையைப் பாருப்பா’ என்று சொல்லிவிட்டால், யாருக்கு எந்த மருந்து என்பது தெரியாமலே போய்விடும். கணக்கு மட்டும் முடிந்திருக்கும்.

அதனால் மாணவர் தடுக்கி நின்றாலும் ஒரு நிமிடமாவது விட்டுவிடுங்கள். பிறகும் சூத்திரத்தைச் சொல்லாதீர்கள். ‘எந்தப் பொருளைப் பார்க்கிறாய்? அதன்மேல் என்னென்ன விசை?’ என்று கேளுங்கள். அதுவே பெரும்பாலும் போதும்.

இன்னொரு கணக்கு. 12 வோல்ட் மின்கலத்தோடு 6 கிலோ ஓம் மின்தடைகள் இரண்டு தொடராக. ஒன்றுக்குக் குறுக்கே ஒரு வோல்ட்மீட்டர். அதன் மின்தடையும் 6 கிலோ ஓம். அது என்ன காட்டும்? பத்தில் எட்டுப் பேருக்கு வாயில் முதலில் வருவது 6 வோல்ட் என்றால் வியப்பில்லை, ஏனென்றால் வோல்ட்மீட்டர் மின்சுற்றைத் தொந்தரவு செய்யாது என்று பள்ளியில் பழகிவிட்டது. கேள்வியில் வோல்ட்மீட்டருக்கு ஒரு மின்தடை கொடுத்த உடனேயே அது இன்னொரு மின்தடையாகிவிடுகிறது. 6-ம் 6-ம் இணையாக 3, மொத்தம் 9, 12-இல் மூன்றில் ஒரு பங்கு, 4 வோல்ட். கேள்வியில் கொடுத்த ஒரு எண்ணை விடையில் பயன்படுத்தவே இல்லை என்றால் நின்று யோசிக்க வேண்டும். சும்மா கொடுத்த எண்ணும் சில சமயம் இருக்கும், ஆனால் ஏன் வேண்டாம் என்று உங்களால் சொல்ல முடிய வேண்டும்.

தவறுகளுக்கென்று தனி நோட்டு போடச் சொல்லுங்கள். கேள்வி எங்கிருந்து, நான் சொன்ன விடை, எந்த அடியில் தவறு, அடுத்த முறை எதைப் பார்த்து உஷாராவேன் என நாலு பத்தி போதும். ‘கவனக்குறைவு’ என்று எழுத விடவே கூடாது. அந்தச் சொல்லில் திருத்துவதற்கு ஒன்றும் இல்லை. ‘சதுர சென்டிமீட்டரைச் சதுர மீட்டராக்கும்போது 10,000-ஆல் வகுக்காமல் 100-ஆல் வகுத்தேன்’ என்று எழுதினால் திருத்தலாம். தவறவிட்ட கேள்வியை ஒரு வாரம் கழித்து வெறும் தாளில் மறுபடி போட வேண்டும், மூன்று வாரம் கழித்து இன்னொரு முறை. பெற்றோருக்கும் இதைச் சொல்வேன்: மதிப்பெண்ணைக் கேட்பதைவிட அந்த நோட்டைப் புரட்டிப் பாருங்கள். ஒரே தவறு நாலு பக்கத்திலும் இருந்தால் டியூஷன் வேலை செய்யவில்லை.

கால்குலேட்டர் இல்லாத கணக்கு தனிப் பயிற்சி. பள்ளியில் எல்லாவற்றுக்கும் கால்குலேட்டரைத் தட்டிப் பழகியவர்களுக்கு இதுதான் பெரிய அடி. தினமும் 10 நிமிடம் ஒதுக்கினால் ஆறு வாரத்தில் கை ஓடும். பின்னங்களைத் தசமமாக்காமல் கடைசி வரை பின்னமாகவே வைத்துக்கொள்வது, பத்தின் அடுக்குகளைத் தனியே ஒதுக்கிக் கூட்டுவது, எண்களைப் போடும் முன் சூத்திரத்தைச் சுருக்குவது, இவைதான் பயிற்சி. புவியீர்ப்புக்கு 9.8 போட்டு அல்லாடாதீர்கள். கேள்வியில் பெரும்பாலும் 10 என்றே கொடுத்திருப்பார்கள்.

பல கேள்விகளுக்கு எண்ணே போட வேண்டாம், விகிதம் போதும். ஒரு கம்பியை அதன் கன அளவு மாறாமல் இரண்டு மடங்கு நீளத்துக்கு இழுத்தால் மின்தடை எத்தனை மடங்கு? 2 என்று சொல்பவர் குறுக்குப் பரப்பு பாதியாவதை மறந்துவிட்டார். நீளத்தால் 2, பரப்பால் இன்னொரு 2, ஆக 4 மடங்கு. வேகம் மூன்று மடங்கானால், அதே பிரேக் விசையில் வண்டி நிற்க ஓடும் தூரம் ஒன்பது மடங்கு. இந்த மாதிரிக் கேள்வியில் 20 விநாடியில் வெளியே வந்துவிட்டால், மிச்சமாகும் ஒரு நிமிடம் கடினமான இன்னொரு கேள்விக்குப் போகும்.

விடைகள் எழுத்துகளாக, சூத்திரங்களாக வரும்போது எல்லையில் வைத்துப் பார்க்கும் பழக்கம் பெரிய உதவி. கப்பியின் இரு பக்கமும் தொங்கும் இரண்டு நிறைகளின் முடுக்கம் கேட்டால், இரண்டு நிறையும் சமம் என்று வைத்துப் பாருங்கள். முடுக்கம் சுழியாக வேண்டும். ஒரு பக்கம் நிறையே இல்லை என்று வையுங்கள். மற்றது தடையின்றி விழ வேண்டும். இந்த இரண்டு சோதனையிலேயே பல தவறான விடைகள் உதிர்ந்துவிடும். டியூட்டர் இதைக் கடைசி நேரத் தந்திரமாக அல்ல, முதல் வகுப்பிலிருந்தே பழக்கமாக்க வேண்டும். பல்கலைக்கழகத்தில் நாளை உண்மையிலேயே பயன்படப்போவதும் இதுதான்.

பழைய கேள்வித்தாள்கள் கொஞ்சம்தான், பார்த்துச் செலவழிக்க வேண்டும். 2016 முதல் 2023 வரையிலான என்.எஸ்.ஏ.ஏ., இ.என்.ஜி.ஏ.ஏ. தாள்கள் ஈசாட்டுக்கு மிக நெருக்கமானவை. ஒரே ஆண்டில் இரண்டு தாளிலும் பொதுவான கேள்விகள் இருக்கும். ஒன்றைப் போட்டுவிட்டு அடுத்த வாரம் மற்றதைப் போட்டால் மதிப்பெண் எகிறும், அது முன்னேற்றம் என்று ஏமாந்துபோகாதீர்கள். கடைசி இரண்டு ஆண்டுத் தாள்களைத் தொடாமல் செப்டம்பருக்கு ஒதுக்கி வையுங்கள். பேட்டின் பழைய தாள்களில் எழுதி விடையளிக்கும் நீண்ட கணக்குகள் நிறைய உண்டு. வேகப் பயிற்சிக்கு அவை உதவாது. ஆனால் ஒரு கணக்கை அடியடியாக யோசிக்கவும், பின்னால் வரும் நேர்முகத்துக்கும் அருமையானவை.

ஜூலையில் தொடங்கினால் நிதானமாகச் செய்யலாம். முதல் தாளை நேரக் கட்டுப்பாடே இல்லாமல் போட வைத்து, எது தெரியவில்லை, எது மெதுவாக வருகிறது என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஆகஸ்ட் நடுவிலிருந்து கடிகாரம். முதல் சுற்றில் 27 கேள்வியையும் பார்த்துவிட வேண்டும். 30 விநாடியில் படமோ சமன்பாடோ எழவில்லை என்றால் ஒரு விடையைக் குத்திவிட்டு, பிறகு திரும்பிவர அடையாளக் கொடி போட்டு நகர்ந்துவிடுங்கள். முதல் சுற்று 28 நிமிடத்தில் முடிந்தால் மீதி 12 நிமிடம் கொடி போட்டவைக்கு. விடை தெரியாத கேள்வியை வெறுமனே விடுவது வீண், தவறானாலும் மதிப்பெண் குறையாது.

டியூட்டரைத் தேர்ந்தெடுக்கும்போது அவருடைய பட்டத்தைவிட ஒன்றைப் பாருங்கள்: அவர் இதுவரை பார்க்காத ஒரு கேள்வியைக் கொடுத்து, கால்குலேட்டர் இல்லாமல் அங்கேயே போடச் சொல்லுங்கள். எங்கே தயங்குகிறார், தயங்கும்போது என்ன செய்கிறார் என்பதில் எல்லாம் தெரிந்துவிடும். தயாரித்து வந்த விடையை மட்டும் சொல்பவரிடம் மாணவர் கற்றுக்கொள்ள அதிகம் இல்லை.

பதிவு விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. பிரிட்டன் பல்கலைக்கழகங்களுக்கான பொது விண்ணப்ப அமைப்பான யூகாஸில் விண்ணப்பம் போட்டால் தேர்வுக்கும் தானாகப் பதிவாகிவிடாது. மாணவரே தனியாகப் பதிய வேண்டும், அந்தப் பதிவும் யூகாஸ் விண்ணப்பத்தின் அக்டோபர் 15 கெடுவுக்கு முன்பே முடிந்துவிடும். கேம்பிரிட்ஜுக்கு அக்டோபர் அமர்வு கட்டாயம். ஒரு சேர்க்கை ஆண்டில் ஒருமுறைதான் எழுத முடியும்.

தேர்வு கணினித் திரையில். படத்தின்மேல் அம்புக்குறி போட முடியாது, மின்சுற்றில் கோடு கிழிக்க முடியாது. அச்சிட்ட தாளிலேயே பழகியவர்கள் இதில் நிறைய நேரம் இழக்கிறார்கள். ஆகவே செப்டம்பர் முழுக்கக் கேள்வி திரையில், கிறுக்குவது தனித் தாளில் என்று பழக்குங்கள். படத்தை முழுசாகப் பெயர்க்காமல், வேண்டிய பொருளை மட்டும் ஒரு புள்ளியாகப் போட்டு அம்புக்குறிகளை வரைந்தால் 10 விநாடிதான் ஆகும்.