அப்பாவின் இடது கண்

நவம்பர் 19

மாமி அப்பாவின் துவாயைத் தனியாக, குசினிக்குப் பின்னால் உள்ள கொடியில் போட்டிருக்கிறார். ஒருவரும் ஒன்றும் கதைக்கவில்லை. அப்பாவும் கண்டார். போய் எடுத்து முகத்தைத் துடைத்துவிட்டு, திரும்ப அதே கொடியில் விரித்துப் போட்டார்.

நவம்பர் 20

அப்பாவின் இடது கண்ணில் வளர்கிற சதைக்குப் பெயர் டெரிஜியம். அதற்குக் காரணமாக டொக்டர் வைரஸ் என்று சொன்னது ஒரே ஒரு தரம். அதுவும் நான் கேட்டதால். "வெயில்தான் முதல் காரணம். சிலருக்கு வைரஸும் சேர்ந்திருக்கலாம் எண்டு ஒரு கதை இருக்கு." அவ்வளவுதான். நான் இவரிடம் சொல்லி, இவர் தன் அம்மாவிடம் சொல்லும்போது வெயில் எங்கேயோ வழியில் விழுந்துவிட்டது.

எனக்கு அதைவிட மற்றதுதான். கருவியில் பார்த்துக்கொண்டிருந்தவர் பேச்சை நிறுத்தி இன்னொரு தரம் பார்த்தார். என்னையும் கூப்பிட்டுக் காட்டினார். மூக்குப் பக்கத்திலிருந்து முக்கோணமாக வருகிற சதை, நுனி கருவிழியின் ஓரத்தைத் தாண்டி உள்ளே. சிவப்பு நரம்புகள் எல்லாம் அந்த நுனியைப் பார்த்தே ஓடுகின்றன. ஓரிடத்தில் மட்டும், காய்ந்த பால் போல வெள்ளையாக ஒரு திட்டு. அந்த வெள்ளைக்காகத்தான் வெட்டியதை எறியாமல் ஆய்வுகூடத்துக்கு அனுப்ப வேண்டும் என்கிறார். டெரிஜியம் என்று வெட்டியதற்குள் சில வேளை புற்றின் முதற்படி இருந்துவிடுமாம்.

அப்பாவுக்குச் சொல்லவில்லை.

நவம்பர் 22

நித்திரை இல்லை. வாசித்துக்கொண்டே இருந்தேன்.

கண்ணின் வெள்ளையில் வருகிற பாப்பிலோமா என்ற மரு இருக்கிறதே, அதில் சந்தேகம் குறைவு. மனித பாப்பிலோமா வைரஸின் 6, 11 வகைகள்தான் பெரும்பாலும். டெரிஜியத்துக்கு வந்தால்தான் குழப்பம். வெட்டிய சதையில் இதே வைரஸின் டிஎன்ஏயைத் தேடியிருக்கிறார்கள். சில ஆய்வில் ஒன்றிலும் இல்லை, சில ஆய்வில் கிட்டத்தட்ட எல்லாவற்றிலும். நாட்டுக்கு நாடு, ஆய்வுகூடத்துக்கு ஆய்வுகூடம் வேறு வேறு. ஹேர்பீஸ் என்ற இன்னொரு வைரஸையும் தேடியிருக்கிறார்கள். கிரீட் தீவு ஆய்வாளர்கள் சொல்வது இரண்டு அடி: முதல் அடி புற ஊதாக் கதிர், அதில் சேதமான கலத்துக்கு வைரஸ் இரண்டாவது அடி. கலம் கட்டுமீறாமல் காவல் காக்கிற பி53 என்ற புரதத்தை, இந்த வைரஸின் ஆபத்தான வகைகளில் இருக்கிற இ6 என்ற புரதம் அழித்துவிடும். கேட்க நன்றாகப் பொருந்துகிறது. எனக்கு அதுவே சந்தேகம். சதைக்குள் வைரஸ் கிடந்தது என்பது ஒன்று, சதையை வளர்த்தது அதுதான் என்பது வேறு.

வைரஸ்தான் என்றால் ஏன் அநேகமாக எல்லோருக்கும் மூக்குப் பக்கமாகவே வளர்கிறது? அதற்கு வெயில்காரர்களிடம் பதில் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் மினாஸ் கொரோனியோ என்பவர் காட்டியது: காதுப் பக்கமாகச் சரிந்து வருகிற வெளிச்சத்தைக் கருவிழி வளைத்து, மறு பக்கத்தில், மூக்கோரத்தில் குவிக்கிறது. நேரே பார்த்து நிழலில் நின்றாலும் பக்கத்தால் வரும். கடலில் கீழிருந்தும் வரும். அப்பா பதின்மூன்று வயதில் தோணி ஏறியவர்.

நவம்பர் 23

மழை. ஊரில், பேசாலையில் காற்று எப்படி என்று அப்பா என்னைக் கேட்கிறார். எனக்கெப்படித் தெரியும்.

நவம்பர் 26

இன்று வெடித்துவிட்டேன். சின்னவளைத் தாத்தாவின் கட்டிலில் இருக்க வேண்டாம் என்று மாமி சொன்னார். இது தொற்றுகிற வருத்தம் இல்லை என்றேன். "அப்ப ஏன் வைரஸ் எண்டவர்?" என்றார். பதில் சொல்லத் தொடங்கினால் பி53 வரைக்கும் போகவேண்டும். கதவைச் சாத்தினேன்.

பிறகு யோசித்தால், மாமியின் கணக்கு முழுப் பிழையும் இல்லை. கண் சிவந்து பீளை கட்டுகிற கண்நோய் அடினோ வைரஸால் வரும்போது துவாயால் வீடு முழுக்கப் பரவத்தான் செய்யும். பிள்ளைகளை வைத்துக்கொண்டு அதைப் பார்த்தவர் அவர். ஆனாலும் அப்பா இங்கே விருந்தாளி.

நவம்பர் 28

வெட்டியாகிவிட்டது. விறைக்கச் செய்துதான் செய்தார்கள், முழு மயக்கம் இல்லை. அப்பா உள்ளே டொக்டரோடு மீன் விலை கதைத்தாராம்.

மேல் இமைக்குக் கீழே இருந்து மெல்லிய தோலை எடுத்து, சதை இருந்த இடத்தில் ஒட்டியிருக்கிறார்கள். முன்பெல்லாம் வெட்டி அப்படியே விட்டுவிடுவார்களாம், நிறையப் பேருக்குத் திரும்ப வளர்ந்தது. 1985இல் கென்யன் என்ற அமெரிக்க டொக்டர் குழு இந்த ஒட்டுமுறையை எழுதிய பிறகுதான் அது நன்றாகக் குறைந்தது.

போத்தலை என் கையில் தந்து ஆய்வுகூடத்தில் கொடுக்கச் சொன்னார்கள். சுருண்டுவிடாமல் இருக்கச் சின்னக் காகிதத் துண்டில் விரித்து வைத்து, பிறகு போர்மலினில் போட்டிருக்கிறார்கள். மங்கல் இளஞ்சிவப்பு. இவ்வளவு காலமாக அப்பாவின் கண்ணில் நாங்கள் பார்த்தது இதைத்தானா என்று இருந்தது. ஓட்டோவில் வரும்போது ஒவ்வொரு பள்ளத்துக்கும் மடியில் இறுக்கிப் பிடித்தேன்.

நவம்பர் 30

சொட்டு மருந்து. சொட்டு மருந்து. சொட்டு மருந்து.

டிசம்பர் 3

செவ்வாய். மாமி கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போய் வந்தார். யாருக்கு மெழுகுதிரி என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அப்பாவுக்குச் சூடாகத் தேத்தண்ணி அவரே கொண்டுபோனார்.

டிசம்பர் 5

பள்ளிக்கூடத்திலிருந்து சின்னவள் கடிதம் கொண்டுவந்தாள். தரம் 6 பெண் பிள்ளைகளுக்குப் பாப்பிலோமா தடுப்பூசி. 2017இலிருந்து போடுகிறார்கள். மாமி கண்ணாடியைப் போட்டு வாசித்துவிட்டு, "இது அதே வைரஸ்தானே?" என்றார். ஓம், அதே குடும்பம் என்றேன். முகத்தைப் பார்க்க வேண்டும்!

கருப்பைக் கழுத்துப் புற்றில் 16, 18 வகைகளின் பங்கு சந்தேகமில்லாமல் நிறுவப்பட்டது. அதற்காக ஹரால்ட் சூர் ஹவுசனுக்கு 2008இல் நோபல் பரிசும் கிடைத்தது. கண்ணில் இன்னும் இழுபறி. கண் மேற்பரப்புப் புற்று கிழக்கு ஆபிரிக்காவில் எச்.ஐ.வி.யோடு சேர்ந்து கூடியது தெளிவு, பாப்பிலோமாவின் பங்கு அந்த அளவுக்குத் தெளிவில்லை. இதை ஏன் வாசித்தேன். இப்போது வெள்ளைத் திட்டு மட்டுமே கண்ணுக்குள் நிற்கிறது.

கடிதத்தில் கையெழுத்து வைத்தேன். அதில் யோசிக்க ஒன்றுமில்லை.

டிசம்பர் 9

ரிப்போர்ட் வரவில்லை. போன் எடுத்தால் "நாளைக்கு எடுங்கோ" என்கிற அதே பிள்ளை.

டிசம்பர் 13

புனித லூசியா திருநாள். அவருடைய பேராலயம் இருக்கிற கொட்டாஞ்சேனையில் இருந்துகொண்டு இன்றைக்குப் போகாமல் முடியுமா, கண்களுக்கே பாதுகாவலி. அப்பா கறுப்புக் கண்ணாடியோடு முன் வாங்கில். தட்டில் இரண்டு கண்ணை ஏந்தி நிற்கிற சுரூபத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு என் காதில் சொன்னார்: "தட்டில இருக்கிறது ரெண்டும் நல்ல சுத்தம். சதை ஒண்டுமில்லை." பூசை நடுவில் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு. அப்போதுதான் அழுகையும் வந்தது.

டிசம்பர் 17

வந்துவிட்டது. டிஸ்பிளாசியா, அதாவது கலங்கள் புற்றுப் பக்கம் மாறுவது, இல்லை. புற்று இல்லை, அதன் முதற்படியும் இல்லை. வெள்ளைத் திட்டு மேல்தோல் தடித்ததால் வந்தது. உள்ளே நார்கள் சிதைந்த அடையாளம் நிறைய, அது வெயில் தின்ற அடையாளம் என்று டொக்டர் விளக்கினார்.

வைரஸ் பற்றி ஒரு வரி இல்லை. கேட்டேன். "தேடச் சொல்லி நாங்கள் அனுப்பேல்லையே. இருந்தாலும் இல்லாட்டாலும் செய்யிற வைத்தியம் இதுதான்."

மாமி: "அப்ப இல்லையாமா?"

"தேடேல்லை மாமி."

"ஆ."

டிசம்பர் 19

அப்பா நத்தாருக்குப் பேசாலை போகவேண்டும் என்று நிற்கிறார். மறித்துப் பயனில்லை. புறக்கோட்டைக்குக் கூட்டிப்போனேன், பக்கத்தையும் மூடுகிற கறுப்புக் கண்ணாடி வாங்க. காதோரம் திறந்திருக்கிற மலிவுக் கண்ணாடி சரிவராது, பக்கத்து வெளிச்சம்தான் வில்லங்கம். போட்டுப் பார்த்துவிட்டு, "உப்புத்தண்ணி பட்டா ஆர் துடைக்கிறது?" என்கிறார். உங்களை ஆர் தோணியில் ஏறச் சொன்னது என்றேன். கரையில்தான் இருப்பேன், வலை மட்டும் பார்ப்பேன் என்று சத்தியம். விளிம்பு அகலமான தொப்பி ஒன்றும் வாங்கினேன். கடைக்காரன் இரண்டுக்கும் சேர்த்துச் சொன்ன விலை அநியாயம். அப்பா சிங்களத்தில் தொடங்கிவிட்டார், இனி