லினக்ஸிலிருந்து பிக் கெர்னல் லாக்கை நீக்க ஏன் 15 வருடம் ஆனது?

மெமரியில் 5 இருக்கிறது. ஒரு சிபியு அதைப் படித்து ஒன்று கூட்டி 6 என்று எழுதுவதற்குள் இன்னொரு சிபியுவும் 5 என்றே படித்துவிட்டால், இரண்டும் 6 என்றுதான் எழுதும். 7 வந்திருக்க வேண்டும். வெறும் கவுன்டர் என்றால் ஒன்று குறைவதோடு போகும், ஒன்று அடுத்ததைக் காட்டும்படி கோர்த்த லிங்க்டு லிஸ்டில் நடந்தால், அடுத்தது எங்கே என்று சொல்லும் பாயின்டர் எங்கேயோ போய் மெஷினே விழுந்துவிடும். இதைத் தடுக்கத்தான் லாக், ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் உள்ளே விடும் பூட்டு.

1996-ல் வந்த லினக்ஸ் 2.0-வில்தான் ஒன்றுக்கு மேற்பட்ட சிபியுக்களுக்கு ஆதரவு வந்தது. அதுவரை கெர்னல் (ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதி) கோடு மொத்தமும் ஒரே சிபியு என்று நம்பி எழுதியது, அதை வரிவரியாகத் திருத்துவது நடக்கிற காரியமில்லை என்பதால் முழுக் கெர்னலுக்கும் சேர்த்து ஒரே பூட்டாகப் போட்டார்கள், அதுதான் பிக் கெர்னல் லாக். ஒரு சிபியு உள்ளே இருந்தால் மற்றவை வெளியே காத்திருக்க வேண்டியதுதான். அன்றைக்கு அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

அப்புறம் சின்னச் சின்ன லாக்குகள் நிறைய வந்தும் பெரியது போகவில்லை. காரணம் அதன் குணம். ஏற்கெனவே வைத்திருப்பவரே மறுபடி கேட்டாலும் கொடுக்கும். வைத்துக்கொண்டே ஒரு ப்ராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் ப்ரோகிராம்) எதற்காவது காத்துத் தூங்கப் போனால், சிபியுவை யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்யும் ஷெட்யூலர் தானாக விடுவித்துவிட்டு, எழுந்ததும் திரும்ப வாங்கிக் கொடுக்கும். கேட்க வசதியாக இருக்கிறது, இல்லையா? ஆனால் அந்த இடைவெளியில் வேறொருவர் புகுந்து டேட்டாவை மாற்றியிருக்கலாம், கோடைப் படிப்பவருக்கு அது கண்ணிலேயே படாது. ரெய்சர்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டம் இந்த இரண்டு குணத்தையும் நம்பியே எழுதப்பட்டிருந்தது. அங்கே இந்தக் குணங்கள் இல்லாத சாதாரண லாக்கான மியூடெக்ஸைப் போட்டால் தான் வைத்திருக்கும் பூட்டுக்குத் தானே காத்துக்கொண்டு அப்படியே நின்றுவிடும். கெர்னல் டெவலப்பர் ஃப்ரெடரிக் வைஸ்பெக்கர் அதற்கென்று தனி லாக் எழுதி, தூங்க வாய்ப்புள்ள இடங்களைத் தேடிப்பிடித்து ஒவ்வொன்றிலும் வெளிப்படையாக விடுவிக்க வேண்டியிருந்தது. எவ்வளவு பொறுமையான வேலை!

2008-ல் இன்னொரு கெர்னல் டெவலப்பர் இங்கோ மோல்நர் பிக் கெர்னல் லாக்கை ஒழிக்கத் தனி முயற்சி தொடங்கினார், பலரும் சேர்ந்து டிரைவர் டிரைவராகப் பிரித்தெடுத்தார்கள், 2011-ல் லினக்ஸ் 2.6.39 வெளியானபோது ஆர்ண்ட் பெர்க்மன் மிச்சத்தையும் நீக்கி முடித்தார். இத்தனை காலம் போனதற்கு லாக்கின் வேகம் காரணமில்லை. அது எந்த டேட்டாவைக் காக்கிறது என்று எங்கும் எழுதி வைக்கவில்லை, அதுதான். ஒரு கோடு வரிசையைச் சுற்றி லாக் போட்டிருந்தார்கள், டேட்டாவுக்குப் போடவில்லை.

அதனால்தான் மற்றவர் எழுதிய கோடு என்னிடம் ரிவ்யூவுக்கு வந்து, அதில் ஒரு லாக் இருந்தால், இது எந்த ஃபீல்டுக்கு (எந்த டேட்டாவுக்கு) என்று கேட்கிறேன், பதிலை அந்த டேட்டா இருக்கும் ஸ்ட்ரக்சரிலேயே கமென்ட்டாகப் போடச் சொல்கிறேன். ரஸ்ட் என்ற ப்ரோகிராமிங் மொழியில் எழுதுபவர்களுக்கு இந்தக் கவலை பெரிதாக இல்லை, அங்கே டேட்டாவே மியூடெக்ஸுக்குள்தான் இருக்கும், லாக் வாங்காமல் தொட்டால் கம்பைலரே விடாது. லினக்ஸ் கெர்னலின் மொழியான சி-யில் எழுதும் நாம்தான் கையால் எழுதி வைக்க வேண்டும்.