லிஃப்ட் தூக்கும், அமுக்காது

எங்கள் ஆனேக்கல் நிலத்துக்கு டிராக்டர் ஓட்ட வரும் தம்பிக்கு ஒரு பழக்கம். மண் இறுகிக் கிடக்கிற மேட்டில் அஞ்சு கொத்துக் கலப்பை உள்ளே இறங்காமல் மேலாகவே கீறிக்கொண்டு போனால், ஹைட்ராலிக் லிவரை இன்னும் கீழே, இன்னும் கீழே என்று தள்ளுவார். கேட்டால், "அமுக்குறேன்க்கா, இறங்க மாட்டேங்குது" என்பார். லிவர் அதன் கடைசி எல்லையில் போய் இடித்து நிற்கும். கலப்பை அதைக் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது.

எனக்கு வாரம் பூரா கோரமங்கலாவில் கணக்கு எழுதுகிற வேலை. சனி, ஞாயிறு மட்டும் நிலம். ஆனாலும் இந்த ஒரு விஷயத்தில் தம்பியோடு நான் சண்டை போடுவேன். சாதாரண டிராக்டரின் பின்பக்க லிஃப்டுக்கு அமுக்கத் தெரியாது. சீட்டுக்குக் கீழே இருக்கும் சிலிண்டரில் ஒரு பக்கம்தான் எண்ணெய் போகும். பம்ப் எண்ணெயைத் தள்ளினால் பிஸ்டன் நகர்ந்து, கருவியைப் பிடித்திருக்கும் பின்பக்கக் கைகளைத் தூக்குகிறது. இறக்கும்போது வால்வு திறந்து எண்ணெயை வெளியே விடுகிறது, அவ்வளவுதான். கருவி தன் எடையில் தானாக இறங்குகிறது. இதற்கு நேர் எதிர் ஜேசிபி. பெங்களூரில் ஏதாவது ஒரு தெருவை எப்போதும் தோண்டிக்கொண்டுதானே இருக்கிறார்கள், நின்று பாருங்கள். வாளியைத் தரையில் ஊன்றி வண்டி தன் சக்கரத்தையே எழுப்பும். அதன் சிலிண்டரில் இரண்டு பக்கமும் எண்ணெய் பாயும்.

சரி, அப்போ கலப்பை எப்படி மண்ணுக்குள் போகிறது? அதன் எடை, கொத்தின் சாய்வு, அப்புறம் நம் ஆட்கள் தொடவே தொடாத டாப் லிங்க், அதாவது கலப்பையின் தலையை வண்டியோடு இணைக்கும் மேல் கம்பி. டாப் லிங்க்கைக் கொஞ்சம் சுருக்கினால் கலப்பையின் முன்பக்கம் குனிந்து, கொத்தின் மூக்கு மண்ணைக் குத்தும். நீட்டினால் மூக்கு நிமிர்ந்துவிடும். மேட்டு மண்ணில் அதை ஓரிரு சுற்று சுருக்கியதும், லிவரைத் தொடாமலே கலப்பை இறங்கியது. தம்பி ஒன்றும் சொல்லாமல் பீடியைப் பற்றவைத்தார்.

அடுத்து, லிஃப்டை ஆட்டும் இரண்டு லிவர். ஒன்று பொசிஷன், மற்றது ட்ராஃப்ட். பொசிஷன் லிவருக்கு உயரம் மட்டும்தான் கணக்கு. பாதியில் வைத்தால் கைகள் பாதி உயரத்தில் நிற்கும். ட்ராஃப்ட் லிவருக்கு உயரம் தெரியாது, பாரம்தான் தெரியும். உழும்போது மண் கலப்பையின் அடியைப் பின்னுக்கு இழுக்க, அதன் தலை டாப் லிங்க்கை முன்னால் தள்ளும். டாப் லிங்க் மாட்டியிருக்கும் இடத்தில் ஒரு கனத்த ஸ்பிரிங் இருக்கிறது. அது அமுங்கினால் வால்வு திறந்து கலப்பையைச் சற்றே தூக்கும். பாரம் குறைந்ததும் திரும்ப இறக்கும். வெறுமனே நிறுத்தி வைத்து ட்ராஃப்ட் லிவரை ஆட்டிப் பார்த்தால் கைகள் ஒரேயடியாக மேலே போகும், இல்லை ஒரேயடியாகக் கீழே விழும். நடுவில் நிற்காது. ரிப்பேர் என்று நினைத்து மெக்கானிக்கைக் கூப்பிடாதீர்கள். பாரம் இல்லாதபோது அது அப்படித்தான்.

எங்கள் நிலத்தில் ஒரே சாலில் செம்மண், சரளை, கெட்டித்தரை மூன்றும் வரும். அதற்கு ட்ராஃப்ட்தான் சரி. சுழல் கலப்பையான ரொட்டவேட்டர் இழுபடுகிற கருவியே இல்லை, அதன் கத்தி சுழன்று வண்டியை முன்னால் தள்ளும். அதற்குப் பொசிஷன் போதும், ஆழத்தைப் பக்கவாட்டுச் சறுக்குக் கட்டை பார்த்துக்கொள்ளும்.

இந்த ஏற்பாட்டுக்கு வழிவகுத்தவர் வட அயர்லாந்துக்காரர் ஹாரி ஃபெர்குசன். அந்தக் காலத்தில் டிராக்டரின் பின்னால் கட்டி இழுத்த கலப்பை கல்லில் மாட்டினால், முன்சக்கரம் எழும்பி வண்டி ஓட்டுகிறவர் மேலேயே கவிழும். 1926-ல் அவர் காப்புரிமை வாங்கினார். 1939-ல் ஃபோர்டின் 9என் டிராக்டரோடு, கீழே இரண்டு கை, மேலே டாப் லிங்க் என்ற இந்த மூன்று புள்ளி இணைப்பு பெருவாரியாகப் பரவியது. கலப்பையின் பாரத்தைப் பின்சக்கரத்துக்கு மாற்றினால் எடை குறைந்த வண்டியும் வழுக்காமல் இழுக்கும் என்பதுதான் அவர் கண்டது. அதனால் இது பெரிய வண்டிக்காரரைவிட நம்மைப் போன்ற சின்ன வண்டிக்காரருக்குத்தான் அதிகம் உதவும். ஆனால் சில சின்ன டிராக்டர்களில் பொசிஷன் மட்டுமே இருக்கும். நவம்பரில் பெங்களூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் ஜி.கே.வி.கே. வளாகத்தில் நடக்கும் கிருஷி மேளாவுக்குப் போனால் எல்லா ஸ்டாலிலும் குதிரைத்திறனைப் பற்றியே பேசுவார்கள். நீங்கள் ஏ.டி.டி.சி. உண்டா என்று கேளுங்கள், தானாக ஆழத்தையும் பாரத்தையும் பார்த்துக்கொள்ளும் வசதிக்கு அதுதான் பெயர்.

லிஃப்ட் 750 கிலோ தூக்கும் என்றால், அது லோயர் லிங்க்கின், அதாவது கீழ்க் கைகளின் நுனியில் அளந்ததா என்றும் கேட்க வேண்டும். சோதனைக்கூடங்களில் அந்த நுனியிலிருந்து 610 மில்லிமீட்டர் பின்னால் வைத்தும் அளக்கிறார்கள், அங்கே எண் குறைந்துவிடும். கருவியின் எடை எவ்வளவு பின்னால் தள்ளி நிற்கிறதோ, அந்த அளவுக்கு முன்சக்கரமும் லேசாகும், ஸ்டியரிங் பிடிக்காது.

சீட்டுக்கு முன்னால், காலடியில் ஒரு சின்ன திருகு உண்டு. கருவி இறங்கும் வேகத்தைக் குறைக்க அது. பல வண்டிகளில் முழுக்க மூடினால் லிஃப்ட் அப்படியே நிற்கும், ரோட்டில் போகும்போது நல்லது. அதை நம்பி அடியில் படுத்து ரொட்டவேட்டர் கத்தி மாற்றக் கூடாது. கட்டை வைக்க வேண்டும். ஹோஸில் எண்ணெய் கசிகிறதா என்று விரலால் தடவுவதும் கூடாது. ஊசி முனை ஓட்டையிலிருந்து அந்த அழுத்தத்தில் பீறும் எண்ணெய் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய்விடும். அட்டையைக் காட்டிப் பாருங்கள்.

இப்போது ட்ராஃப்ட் லிவர் ஓடும் தகட்டில் என் சிவப்பு நெயில் பாலிஷால் கோடு போட்டிருக்கிறேன், மேட்டுக்கு ஒன்று, கேழ்வரகு வயலுக்கு ஒன்று. தம்பிக்கு அந்தக் கலர் பிடிக்கவில்லை. அடுத்த முறை கறுப்பு வாங்கி வரச் சொல்லியிருக்கிறார்.